கட்டையன் வயிற்றில் ஒரு கறுப்புப் பொட்டு

நாய்க்கும் ஸ்கேன் எடுப்பார்கள் என்பது ராஜாத்திக்கு அன்றைக்குத்தான் தெரியும். நீடாமங்கலத்தில் அது ஒரு தனியார் கால்நடை மருத்துவமனை. மேசைமேல் கட்டையன் நாலு காலும் துவண்டு மல்லாந்து கிடந்தான். டாக்டர் பிரகதீஸ்வரி அவன் வயிற்று மயிரை மழித்து, பசையைத் தடவி, ஸ்கேன் கருவியை வைத்து மெல்ல அழுத்தினார். தலைமாட்டில் ராஜாத்தியின் புருஷன் வைரக்கண்ணு, திரையையே முறைத்துக்கொண்டு நின்றார்.

கட்டையன் லேசுப்பட்ட நாய் இல்லை. சம்பா பால் பிடிக்கிற நேரத்தில் வரப்பில் இறங்கினான் என்றால் ஒரு பொழுதுக்கு ஏழெட்டு எலி கொண்டுவந்து போடுவான். இவர்களுடைய ஒன்பது மா குத்தகை நிலத்துக்கு அவன்தான் காவல். அப்படிப்பட்டவன் இரண்டு நாளாகச் சோற்றைத் தொடவில்லை. வாந்தி. நேற்று மத்தியானத்திலிருந்து ஒரு சொட்டு மூத்திரம் இல்லை. கம்பத்தைக் கண்டால் காலைத் தூக்காமல் தாண்டாத பயல்!

“ரெண்டு கிட்னியும் வீங்கியிருக்கு. ஓரமெல்லாம் வெள்ளையா மின்னுது பாருங்க” என்றார் டாக்டர். “சுருங்கிப் போயிருந்தா பழைய வியாதின்னு கையை விரிச்சிருப்பேன். இது புதுசாப் பட்ட அடி. பார்க்கலாம்.”

கருவியைக் கீழே நகர்த்தினார். மூத்திரப்பை இருக்கிற இடம். நீர் இருந்தால் திரையில் கறுப்பாகத் தெரியுமாம். ஒன்றும் தெரியவில்லை. குளுக்கோஸ் ஏறுகிறது, இரண்டு மணி நேரத்துக்குள் அங்கே கறுப்பு விழ வேண்டும், விழாவிட்டால் ஏற்றுகிற தண்ணீர் நெஞ்சுக்குப் போய்விடும், அப்புறம் தன் கையில் எதுவும் இல்லை என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

“எதனால ஆச்சுன்னு இந்தப் படம் சொல்லாது. எலிக்காய்ச்சலா, எலி மருந்தா, வேற ஏதாச்சுமா? வீட்டுல மாத்திரை கீத்திரை குடுத்தீங்களா?”

“இல்லைங்க” என்றார்கள் புருஷனும் பெண்டாட்டியும், ஒரே நேரத்தில்.

ராஜாத்தி சொன்னது பச்சைப் பொய். ஆறு நாளைக்கு முன் கட்டையன் காலை நொண்டிக்கொண்டு வந்தான். அடுத்த தெரு நஃபீசாவின் வீட்டுக்காரர் லீவில் வரும்போதெல்லாம் வளைகுடாவிலிருந்து தைலமும் வலி மாத்திரையும் அள்ளிக்கொண்டு வருவார். நஃபீசா இவளுடைய முழங்கால் வலிக்கென்று இரண்டு அட்டை கொடுத்திருந்தாள். மனுஷ வலிக்குக் கேட்பது நாய் வலிக்குக் கேட்காதா? அவன் சோற்றை நிறுத்துகிற வரைக்கும் தினமும் காலையில் அரை மாத்திரையைப் பொடித்துத் தயிர்சோற்றில் பிசைந்து வைத்தாள். வைரக்கண்ணுவிடம் மூச்சு விடவில்லை. தெரிந்தால், நாய்க்கு ராஜவைத்தியம் பார்க்கிறாள் என்று டீக்கடை வரைக்கும் சொல்லிச் சிரிப்பார். அட்டை என்னமோ சீக்கிரம் காலியானது. அவருக்கும் இடுப்புவலி போல என்று விட்டுவிட்டாள்.

எலி மருந்து என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே வைரக்கண்ணு வாசலுக்குப் போய்விட்டார். பக்கத்து வயல் மதிவாணனோடு போன வாரம்தான் வரப்புத் தகராறு. செல்போனில் அவர் போட்ட சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது. வாயில்லா ஜீவனுக்கு விஷம் வைத்தவன் உருப்படுவானா என்றார். அவன் பிள்ளைமேல் சத்தியம் செய்தான் போல. அதையும் நம்பாமல், சாயங்காலம் நேரில் வருகிறேன், ஒரு முடிவு கட்டாமல் விடமாட்டேன் என்று வைத்துவிட்டார். வேலி அரிவாளை எடுத்துக்கொண்டு போகிற ஆள்தான் அவர்.

ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கருவியை வைத்தார்கள். கறுப்பு இல்லை. டாக்டர் குளுக்கோஸின் வேகத்தைக் குறைத்தார். கட்டையனின் மூச்சு இழுக்க ஆரம்பித்திருந்தது.

இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் தான் மனுஷியே இல்லை என்று தோன்றியது அவளுக்கு. சுருக்குப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள்.

“டாக்டரம்மா, நான்தான். சோத்தை நிறுத்துற வரைக்கும் காலையில அரை மாத்திரை. நாலு நாளா.”

டாக்டர் அட்டையைத் திருப்பிப் படித்தார். “இது நாய்க்கு ஆகவே ஆகாதும்மா. ஆனா அரை மாத்திரைக்கு இவ்வளவு வீக்கம் வராதே. வேற எதுவோ உள்ள போயிருக்கு.”

வைரக்கண்ணு கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கத்தப்போகிறார் என்று ராஜாத்தி தலையைக் குனிந்துகொண்டாள். அவர் கத்தவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார்.

“அந்த அட்டையிலேர்ந்து மத்தியானம் நான் முழு மாத்திரை குடுத்தேன். பன்னுக்குள்ள வச்சு. அதே நாலு நாளா.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாங்க?”

“நீ சிரிப்பேன்னுதான்.”

டாக்டருக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. ஆனால் அதைக் காட்ட அவருக்கு நேரமில்லை. காரணம் தெரிந்துவிட்டது. வயிற்றுப் புண்ணுக்கு ஓர் ஊசி, மூத்திரம் பிரிய ஓர் ஊசி என்று மளமளவென்று போட்டார். கேடு கெட்ட கடிகாரம் நகரவே இல்லை. டாக்டர் சொன்ன இரண்டு மணி நேரம் முடிகிற மூன்றரைக்கு மறுபடி பசையைத் தடவினார். திரை முழுக்கச் சாம்பல். கருவியைச் சற்றுச் சாய்த்தார்.

மிளகளவுக்கு ஒரு கறுப்புப் பொட்டு.

கால் மணி நேரத்தில் அது புளியங்கொட்டை அளவானது. இன்னும் மூன்று நாள் இங்கேயே இருக்கட்டும், ஆனால் கிட்னி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்றார் டாக்டர். சொல்லி வாயை மூடவில்லை, மேசை விளிம்பிலிருந்து, அதை ஒட்டி வந்து நின்ற வைரக்கண்ணுவின் வேட்டியில் வெதுவெதுப்பாக வழிந்தது. அவர் நகரவே இல்லை.

ராஜாத்தி அவர் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து, மதிவாணன் எண்ணைப் போட்டு, அவர் காதில் வைத்தாள். அவர் ஆரம்பிப்பதற்குள் அந்தப் பக்கம் மதிவாணனே பேசிவிட்டான்.

“அண்ணே, கட்டையன் இப்ப எப்படி இருக்கான்?”

“மூத்திரம் போயிட்டான், தம்பி” என்று விசும்பினார் வைரக்கண்ணு.