உளி விட்ட கோடு

நயினார் தேய்த்த தேய்ப்பில் தீட்டுக்கல்லே சூடேறியது. வெளியே தாராவிச் சந்துக்குள் நுழைய முடியாமல் போலீஸ் ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. உளியின் வாயில் கடுகளவு உடைசல். அவர்கள் இறங்கி நடந்து வருவதற்குள் அது மறைந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஜெயில்.

பழைய மரச்சாமான்களைச் சீராக்கும் பட்டறை அது. மாட்டுங்கா பாகீரதி மாமி கொடுத்திருந்த தேக்கு பீரோவில் ஒரு கள்ள அறை. அதில் காசுமாலை இருந்தது நினைவு வந்து காலையில் ஓடிவந்தாள். அறை நெம்பித் திறக்கப்பட்டு, காலியாகக் கிடந்தது. நெம்பும்போது உளி ஏதோ ஆணியில் மோதியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு அறையைச் சுற்றி அது சீவிய இடமெல்லாம், உடைந்த வாய் விட்ட மயிரிழை போல ஒரு கோடு.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லா உளியையும் தீட்டி, எண்ணெய் தடவி மாட்டிவிட்டுத்தான் பட்டறையை அடைப்பார்கள். இன்று திங்கள்; நடுவில்தான் யாரோ உள்ளே வந்து நெம்பியிருக்கிறார்கள். யார் உளி உடைந்திருக்கிறதோ, அந்த ஆள்தான் திருடன்.

"அண்ணாச்சி! போலீஸ் வந்தாச்சு, அங்க என்ன செய்யுதீரு?" முதலாளி தளவாய் கத்தினார்.

கடைசியாக ஒரு இழுப்பு. பழகிய கை, உளியை இடது முழங்கைக்குக் கீழே ஓட்டிப் பார்த்தது. நல்ல பதம். மாட்டிவிட்டு வெளியே வந்தார்.

சப்-இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு உளியாக நீட்ட, தளவாய் தேக்குத் துண்டில் சீவிக் காட்டினார். ஒன்றிலும் கோடில்லை.

"என்னா சேட், பூதம் வந்து எடுத்துச்சா?" சப்-இன்ஸ்பெக்டருக்குத் தாராவி டியூட்டியில் கற்ற தமிழ்.

"ஒங்கள நம்பித்தானே அனுப்பினேன்," மாமி அழுதாள். "எங்கம்மா கழுத்துல கெடந்ததாக்கும்."

சப்-இன்ஸ்பெக்டர் சட்டென்று நயினாரின் கையைப் பிடித்தார். அங்கே வழுக்கையாக ஒரு பட்டை. அறுபட்ட முடிகள் இன்னும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன.

"இது என்னா?"

"தீட்டின கையோட முடிய செரைச்சுப் பதம் பாப்போம் சாப்..." தளவாய் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சனிக்கிழமை தீட்டினது இன்னுமா ஈரமா இருக்கு?"

நயினார் கையை விடுவித்துக்கொண்டார்.

"நான்தான் எடுத்தேன்," என்றார் நயினார்.

"மாலை எங்கே?"

"வித்துட்டேன்."

"எந்த உளி?"

நயினார் எடுத்துக் கொடுத்தார். சப்-இன்ஸ்பெக்டர் அதைத் துணியில் சுற்றும் முன் தளவாய் பார்த்துவிட்டார். அங்கே அவரவர் கைக்குத் தக்கபடி அவரவர் உளிக்குப் பிடி கடைந்துகொள்வார்கள். சின்னக் கைக்குக் கடைந்த இந்தப் பிடி, நீட்டும்போது நயினாரின் உள்ளங்கைக்குள் காணாமலே போயிருந்தது. தளவாய் வாயைத் திறந்தார். நயினார் அவரை ஒரு பார்வை பார்த்தார். வாய் மூடிக்கொண்டது.

அது பூவேலை செதுக்கும் கலைச்செல்வியின் உளி. நயினாரின் ஒரே மகள். இன்று அவள் வேலைக்கு வரவில்லை.