அந்தப் பக்கம் அடிக்கலாம்

மலாயாக் காட்டோரம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் பறை அடிக்கக் கூடாது. உடுக்கை கூடாது, கோயில் மணி கூடாது, சங்கு கூடாது. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு நாங்கள் கொட்டடித்துச் சேதி சொல்கிறோமாம். கோலா சாவா ஊருக்குப் போகும் செம்மண் சடக்கைத் தாண்டினால் பக்கத்துத் தோட்டம். அங்கே எல்லாம் அடிக்கலாம். கம்யூனிஸ்டு தொல்லை அங்கே தீர்ந்ததென்று அரசாங்கம் அதை வெள்ளைப் பகுதி என்று அறிவித்துவிட்டது. நாங்கள் இன்னும் கறுப்பு. சத்தத்துக்குச் சடக்கு தெரியுமா? அவர்கள் ஆடித் திருவிழாவுக்கு அடித்த அடியில் எங்கள் லயத்து வீடுகளின் தகரக் கூரை அதிர்ந்தது. அது காட்டுக்குக் கேட்காதாம். விடியுமுன்னே பேர் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எங்களைக் கூப்பிடத் தண்டவாளத் துண்டில் டங் டங்கென்று அடிக்கிறார்களே, அதுவும் கேட்காதாம். என்ன காதோ, என்ன எழவோ!

என் புருஷன் மாயாண்டி பறையடிக்கிறவர். பால் வெட்டியது வயிற்றுக்கு. உயிர் பறையில் இருந்தது. தடை வருவதற்கு முன்னால் இரண்டு தோட்டத்திலும் அவர் அடிக்காமல் ஒரு பிணம் நகர்ந்ததில்லை. அந்த மனுஷன் காய்ச்சலில் படுத்து எழவே இல்லை. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "மயிலு, என்னை ஊமையா தூக்கிட்டுப் போயிடாதீங்க" என்றார். கையடித்துச் சத்தியம் செய்தேன்.

தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஆறுமுகத்திடம் போய் நின்றேன்.

"ஐயா, சுடுகாடு வரைக்கும்தான். பட்டப்பகல்ல. துரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

"துரை ஒத்துக்கிட்டாலும் போலீஸ் ஒத்துக்காது, மயிலம்மா. சட்டம்லா. பேசாம தூக்கிட்டுப் போங்க."

"அங்க அடிக்கலாம், இங்க அடிக்கக் கூடாதுன்னா அது என்னய்யா சட்டம்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வழி சொன்னவர் நல்லசாமி அண்ணன். பக்கத்துத் தோட்டத்துக்காரர், என் புருஷனோடு சேர்ந்து அடித்தே கை காய்த்தவர்.

"தங்கச்சி, நீங்க உங்க பக்கமா தூக்கிட்டு வாங்க. நான் எங்க பக்கத்து ஓரமா அடிச்சுக்கிட்டே வர்றேன். எவன் தடுக்கிறான்னு பார்ப்போம்."

மத்தியானம் பாடை கிளம்பியது. கம்பிவேலி வாசலில் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாக நின்றது எங்கள் லயத்து ராமசாமிதான். கூட ஒரு வெள்ளைக்கார சார்ஜெண்ட். எங்களுக்குப் பின்னாலேயே இரண்டு பேரும் வந்தார்கள். சடக்கின் இந்த ஓரம் பாடை, அந்த ஓரம் நல்லசாமி அண்ணன். சார்ஜெண்ட் பறையைப் பார்த்தான், சடக்கைப் பார்த்தான், தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தான். அழுகைக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போ என்னடா செய்வே என்று மனசுக்குள் கேட்டேன்.

சுடுகாட்டுப் பாதை எங்கள் பக்கம், ரப்பர் மரங்களுக்குள் பிரியும். அந்த இடம் வந்ததும் அண்ணன் அங்கேயே நின்று அடிப்பதாகத்தான் பேச்சு. ஆனால் பறைக்காரன் பாடைக்கு முன்னால் நடக்கிறவன். ஆயுசெல்லாம் அப்படி நடந்த கால். தலையைக் குனிந்து, கண்ணை மூடி, நண்பனுக்காக அடித்துக்கொண்டிருந்த மனுஷனுக்குச் சடக்கு எங்கே தெரியும்? பாடை திரும்பியது, அவரும் திரும்பினார். சடக்கைத் தாண்டி எங்களுக்கு முன்னால் வந்துவிட்டார்.

சார்ஜெண்ட் கத்தினான். ராமசாமி ஓடிவந்து பறையைப் பிடுங்கினான். அவன் கண்ணில் தண்ணீர்.

"ஏண்ணே தாண்டினே? ஏண்ணே?"

அண்ணன் தன் காலைக் குனிந்து பார்த்தார். "பாடைக்கு முன்னாலதானடா நடக்கணும்" என்றார்.

அவரை லாரியில் ஏற்றினார்கள். பாதி வழியில் பறை நின்றுவிட்டது. செத்தவனுக்கு அதைவிட அவமானம் எங்களிடத்தில் இல்லை. நான் என் மாரில் அடித்துக்கொண்டே நடந்தேன், என் புருஷன் அடிக்கும் அதே அடியை. மற்றப் பெண்களும் அடித்தார்கள். மாரில் அடித்தால் பறையாகுமா? ஊமையாகத்தான் போனார் அவர். என் சத்தியம் மண்ணாய்ப் போயிற்று.

காட்டுக்குச் சமிக்ஞை கொடுத்தார் என்று நல்லசாமி அண்ணனை அடைத்து வைத்து, பிறகு இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். சின்னப்பிள்ளையில் வந்தவர். அங்கே அவருக்கு யார் இருக்கிறார்கள்? பாவிகள்!

அடுத்த வருஷம் எங்கள் பக்கமும் வெள்ளையாகிவிட்டது. பால் கொட்டகையில் வாளியோடு நின்றேன். கிராணி சிரித்துக்கொண்டே வந்தார்.

"மயிலம்மா, இனி நம்ம தோட்டத்துலயும் பறை அடிக்கலாம்லா! திருவிழாவுக்கு ஆள் பார்க்கச் சொல்லிட்டாரு துரை."

வாளியைக் கீழே வைத்தேன்.

"ஆளா? ஒருத்தரு சடக்குக்கு இந்தப் பக்கம் மண்ணோட மண்ணா கிடக்காரு. இன்னொருத்தரை நீங்க கடலுக்கு அந்தப் பக்கம் அனுப்பிட்டீங்க. எவனைப் போய்ப் பார்க்கச் சொல்றாரு? உங்க துரையையே வந்து அடிக்கச் சொல்லுங்க."

கிராணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.