சாமி வராதவன்

அன்று கோயில் முன்னால் இருந்தவர்கள்: சாமியின் கச்சை, சலங்கை இருக்கும் பெட்டிக்கு உரிய விஜயபாண்டி. அவனுடைய அக்கா பாண்டீஸ்வரி, காரியாபட்டியில் வாக்கப்பட்டவள். சித்தப்பா சௌந்தரபாண்டியன். அத்தை பிச்சையம்மாள். உறுமிக்காரர் தங்கசாமி. எம்.ரெட்டியபட்டியிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வந்த பங்காளிகள் நாற்பது பேர், பாதிப் பேர் கையில் செல்போன். வேலிக்கருவையில் கட்டிய இரண்டு கிடாய்கள். கருப்பசாமியும் இருந்தார் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். விஜயபாண்டி அதை உறுதியாகச் சொல்லமாட்டான்.

அப்பா சீனிச்சாமி செத்ததும் சாமியாடுகிற உரிமை மகனுக்கு வந்தது. சாமி வரவில்லை. முதல் வருசம் உறுமி முழங்க முழங்க வெறும் ஆளாக நின்றான். எல்லாரும் அவனையே பார்த்தார்கள். அப்பா எப்படித் தோளைக் குலுக்குவார் என்பது ஞாபகம் இருந்தது, குலுக்கினான். பெண்கள் குலவை போட்டார்கள். அதோடு மாட்டிக்கொண்டான்.

தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தான். கறியை விட்டான். பீடியை விட்டான். காப்புக் கட்டினால் பெண்டாட்டி பக்கம் திரும்பாமல் வெறுந்தரையில் படுத்தான். லோடு வண்டி ஓட்டும்போதும் உள்ளே யாராவது வருகிறார்களா என்று காது கொடுத்துக்கொண்டே ஓட்டி, ஒருமுறை அருப்புக்கோட்டை பைபாஸ் தடுப்பில் இடித்தான். யாரும் வரவில்லை.

வந்தது அக்காவுக்கு. உறுமிச் சத்தம் ஏறினால் பெண்கள் கூட்டத்தின் ஓரத்தில் பாண்டீஸ்வரியின் உடம்பு நடுங்கத் தொடங்கும். கண் சொருகும், பல் கிட்டிக்கொள்ளும். பிச்சையம்மாள் அவளை அமுக்கிப் பிடித்து, நெற்றியில் திருநீறு அப்பி, கையில் எலுமிச்சம்பழத்தைத் திணித்து உட்கார வைப்பாள். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பெட்டியில் பாத்தியதை கிடையாது. விஜயபாண்டி அரைக்கண்ணால் அதைப் பார்த்தபடியே ஆடுவான். வயிறு எரியும். போன வருசம் அவள் திமிறிக்கொண்டு எழுந்தபோது, "அவள உக்கார வைங்கடா" என்று கருப்பன் குரலில் கத்தியது அவன்தான். சாமியே சொல்லிவிட்டது என்று அவள் உட்கார்ந்து அழுதாள். அதன் பிறகு அவள் முகத்தைப் பார்த்து அவனால் பேச முடியவில்லை.

இந்த வருசமும் வெயில் சாய்ந்ததும் சித்தப்பா சாவியோடு வந்தார். பெட்டி அறைக்குள் சாமியாடி மட்டும் போகவேண்டும். போனதும் வெளியே பூட்டிவிடுவார்கள். கச்சை கட்டி, சாமி இறங்கிய பிறகு உள்ளிருந்து தட்டினால் திறப்பார்கள்.

விஜயபாண்டி போகவில்லை.

"எனக்கு வரல சித்தப்பா."

"உள்ள போ. வரும்."

"இதுவரைக்கும் ஒருதடவகூட வந்ததில்ல. அம்புட்டும் நடிப்பு."

சௌந்தரபாண்டியன் அசரவில்லை. வெற்றிலைச் சாற்றை ஓரமாகத் துப்பினார். "எனக்குத் தெரியாதாக்கும்? அண்ணனுக்கும் சில வருசம் வராது. அவுக ஆடலையா? நாப்பது பேரு லீவு போட்டு வந்திருக்கான். இன்னைக்கும் நடி."

அவன் எதிர்பார்த்தது வசவு. இது அதைவிட மோசம், ஏனென்றால் சுலபமாக இருந்தது. அப்பாவும் நடித்தார் என்றால் இன்னும் முப்பது வருசம் தோளைக் குலுக்கலாம். யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் வராத வருசங்களில் அப்பா வேறு யாரையும் உட்கார வைத்ததில்லை.

"அப்பாவுக்குச் சில வருசம் வரல. எனக்கு வராது. நான் வண்டி ஓட்டுற ஆளு, அம்புட்டுத்தான்."

எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னான். சொன்னால் வெட்கமாக இருக்கும் என்று நினைத்திருந்தான். பசிதான் எடுத்தது.

கூட்டம் சலசலத்தது. சிலர் செல்போனை இறக்கினார்கள். திருப்பூரிலிருந்து வந்த சின்னத்துரைக்குத்தான் ரொம்பக் குழப்பம்.

"ஏலே, அப்ப எனக்குப் பிள்ள பொறக்கும்னு வாக்குச் சொன்னது யாரு?"

"நாந்தாம்ல."

"பொறந்திருச்சேடா."

யாரோ சிரித்தார்கள். விஜயபாண்டி அக்காவைப் பெட்டி அறைக்குப் போகச் சொல்லிக் கூப்பிட்டான். அவள் வேறு வீட்டுப் பெண் என்று பிச்சையம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.

"போன வருசம் அக்காவ உக்காரச் சொன்னது சாமி இல்ல அத்தை. நானு."

பாண்டீஸ்வரி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அறைவாள் என்று நினைத்தான். அறையவில்லை. மன்னித்த மாதிரியும் தெரியவில்லை. அத்தையை விலக்கிக்கொண்டு அறை வாசல்வரை வந்தவள், அங்கே தயங்கினாள்.

"உள்ள போயி எனக்கும் வரலைன்னா?"

"வெளிய வந்து வரலைன்னு சொல்லு."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து உள்ளே போனாள். சித்தப்பா சாவியை இறுக்கிப் பிடித்தபடி நின்றார். பெட்டிக்கு உரியவன் இன்னும் விஜயபாண்டிதான், கையை நீட்டினான். அவர் தங்கசாமியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கடைசியில் கொடுத்தார். விஜயபாண்டி அக்காவுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினான்.