ஜன்னலோரம் நின்ற ஹெலன் டீச்சர்

மேற்படிப்புக்கு வழிகாட்டும் ஆசிரியர்களுக்கு அன்று சங்கரன்கோவிலில் பயிற்சி. நடத்த வந்த சுகிர்தா மேடம் வந்ததும் வராததுமாக எல்லோரையும் நாற்காலியை விட்டு எழுப்பிவிட்டார். எந்தப் பிள்ளைக்கு எந்தப் படிப்பு என்று சொல்ல முழு நம்பிக்கை இருப்பவர்கள் ஜன்னலோரம் நிற்க வேண்டும், துளியும் இல்லாதவர்கள் வாசலோரம், மற்றவர்கள் இடையில் அவரவர் இடம் பார்த்து. பிள்ளைகளை நிற்க வைத்தே பழகிய வாத்தியார்களுக்கு இதைவிடச் சங்கடம் வேறு உண்டா? ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துவிட்டு நடுவில் போய் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஹெலன் டீச்சர் மட்டும் நேரே ஜன்னலுக்குப் போனாள். மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுக்கிறவள். வழிகாட்டிப் பொறுப்பையும் அவள் தலையில் கட்டியிருந்தார்கள். வேண்டுமென்றே வீம்புக்குப் போய் நிற்கவில்லை. பெற்றவர்கள் எதைக் கேட்டாலும் பட்டென்று பதில் சொல்லியே பழகிவிட்டது. தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றால் டீச்சருக்கு என்ன மரியாதை இருக்கும்?

சுகிர்தா மேடம் அவளிடம் ஓர் உதாரணம் கேட்டார். ஆடு மேய்க்கிற தங்கசாமியின் மகள் முத்துமாரி, பி.எஸ்சி. நர்சிங் படிக்க வேண்டும் என்று வந்து நின்றதையும், நர்சிங்குக்கும் போகலாம், இஞ்சினியரிங்குக்கும் போகலாம் என்று வழி சொல்லிப் பிளஸ் ஒன்னில் சேர்த்துவிட்டதையும் ஹெலன் விவரமாகச் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். எந்த குரூப்பில் சேர்த்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு, எந்தப் படிப்புக்கு எந்தப் பாடம் வேண்டும் என்று திரையில் காட்டினார்கள். பி.எஸ்சி. நர்சிங்குக்கு பயாலஜி கட்டாயம். முத்துமாரி இருப்பது கணக்கும் கம்ப்யூட்டரும் உள்ள குரூப். ஹெலனின் சித்தி மகள் காமர்ஸ் படித்துவிட்டு நர்சிங் டிப்ளமோ முடித்தவள். டிகிரிக்கும் அப்படித்தான் என்று ஹெலன் நினைத்துவிட்டாள். ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். விசாரிக்கவில்லை.

குரூப் மாற்ற இன்றுதான் கடைசி நாள் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணலாம் என்று கையில் எடுத்தாள், வைத்துவிட்டாள். இது முத்துமாரிக்குத் தெரியவர ரெண்டு வருஷம் ஆகும், அதற்குள் யார் சொன்னது என்று யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது என்று மனசு ஓடியது. அப்படி ஓடியதும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. தலைவலி என்று சுகிர்தா மேடத்திடம் பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. முண்டியடித்து ஏறி, கடைசி மணிக்கு முன்னால் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தாள். பயாலஜியில் இடம் இருந்தது. தலைமையாசிரியை தங்கசாமியிடம் போனில் பேசிவிட்டு, முத்துமாரியைத் தன் அறைக்கு வரச் சொன்னார்.

"மக்கா, நான் சொன்னது தப்பு. பயாலஜி இல்லாம நீ கேட்ட நர்சிங் கெடைக்காது" என்றாள் ஹெலன்.

முத்துமாரி அழவில்லை. குரூப் மாற்றும் படிவத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவள் திரும்ப மேஜையில் வைத்தாள்.

"இந்தத் தடவ நல்லாத் தெரியுமா டீச்சர்?"

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஹெலனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தெரியும் என்ற வார்த்தை பழக்கதோஷத்தில் நாக்கு வரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, போனில் சுகிர்தா மேடத்தைக் கூப்பிட்டாள். பிள்ளைக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டாள்.

பி.எஸ்சி. நர்சிங்குக்கு பயாலஜி இருந்தே ஆக வேண்டும் என்றார் சுகிர்தா. பிறகு, "ஏன் டீச்சர், காலையில சொன்னீங்களே, அந்தப் பிள்ளை பயாலஜிதானே?" என்று கேட்டார்.

தலைமையாசிரியை நிமிர்ந்து பார்த்தார்.

"இல்ல மேடம், கம்ப்யூட்டர். தெரியாமலே தெரிஞ்ச மாதிரி சொல்லி நான்தான் சேத்துவிட்டேன். தலைவலின்னு சொன்னதும் பொய்தான்."

முத்துமாரி போனைப் பார்த்து, "சரி மேடம்" என்றாள். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஹெலன் பக்கம் திரும்பாமலே வகுப்புக்குப் போனாள்.