ஜெனட் வீட்டு ரைஸ் குக்கர் பாடிய கேரல்

அம்புரோஸின் லாப்டாப் செத்த மறுநாள் காலை, டுரியான் துங்காலில் ஜெனட் வீட்டு ரைஸ் குக்கர் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பாடியது. சோறு நன்றாகவே வெந்திருந்தது.

லாப்டாப் செத்தது தீர்த்தத்தால். அம்புரோஸ் சுங்கை ஊடாங்கில் எண்ணெய் ஆலையில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர். மற்ற நேரத்தில் கேரல் குழுவுக்குப் பாட்டு எழுதி மெட்டுப் போடுபவர். டிசம்பரில் குழு வீடு வீடாகப் போகும். ஒவ்வொரு வீட்டுக்கும் அதற்கென்றே அவர் போட்ட பாட்டு ஒன்று உண்டு. வரிகள் திரையில் ஓடும், கரோக்கே மாதிரி பார்த்துப் பாடுவார்கள். பார்க்காமல் பாட யாருக்கும் வராது, அவருக்கும் வராது. அவருடைய சொந்த வீட்டுக்கு மட்டும் பாட்டு இருந்ததில்லை. இந்த வருஷம்தான், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மனைவி செலஸ்டினுக்குத் தெரியாமல் அவளுக்காக ஒன்று போட்டு முடித்திருந்தார். கேரல் சீசனுக்கு முன் கிட்டார், தம்பூரின், லாப்டாப் எல்லாவற்றுக்கும் தீர்த்தம் தெளிப்பது செலஸ்டினின் வழக்கம். இந்த வருஷம் லாப்டாப் திறந்திருந்தது, அவளுக்கும் பக்தி கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

புக்கிட் காத்திலில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பிரான்க்ளின் லாப்டாப்பைக் கவிழ்த்தான். தண்ணீர் கொட்டியது.

"அங்கிள், பேக்கப் இருக்கா?"

"இருக்குடா, ரெண்டு இருக்கு."

"எங்க?"

"இதுக்குள்ளதான்."

"அலாமாக்! ஸ்பேர் சாவிய வீட்டுக்குள்ளயே வெச்சுப் பூட்டிட்டு வந்திருக்கீங்களே அங்கிள்!"

இந்த வருஷம் கேரல் இல்லை என்றே எல்லாரும் முடிவு செய்திருந்தபோதுதான் ஜெனட் போன் செய்தாள். "அண்ணே, எங்க வீட்டுப் பாட்டு குக்கருக்குள்ள இருக்கு. சீக்கிரம் வாங்க, வார்ம்ல போட்டா முணுமுணுக்குது." அதே வாரம் சிவசாமி வீட்டு வாஷிங் மெஷின் தொடங்கியது. அவர்கள் வீட்டில் முருகன் படம்தான், ஆனாலும் கேரல் குழு அங்கே முறுக்குச் சாப்பிடாமல் போனதில்லை. "பாடட்டும் லா, நல்லாத்தான் இருக்கு. ஸ்பின் வர்றப்பதான் ரொம்ப ஸ்பீடாப் பாடுது," என்றார் அவர் மனைவி கமலவேணி. பாடப்பட்ட பாட்டெல்லாம் பாடப்பட்ட வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருந்தது. எனவே அந்த வருஷம் குழு வீடு வீடாகப் போய் உட்கார்ந்து முறுக்குத் தின்றது, வீடுகள் பாடின, பிரான்க்ளின் பதிவு செய்தான். ஃபேன், ஃப்ரிட்ஜ், ஒரு வீட்டில் தானாகத் திறக்கும் ஆட்டோ கேட். எல்லாப் பாட்டும் கிடைத்தது.

செலஸ்டினின் பாட்டைத் தவிர. அதை யாரும் எங்கேயும் பாடியிருக்கவில்லை. அம்புரோஸ் தன் வீட்டு கெட்டிலிலும் மிக்ஸியிலும் காதை வைத்துப் பார்த்தார். கெட்டில் கொதித்தது, மிக்ஸி அரைத்தது, அவ்வளவுதான்.

"என்னத்தத் தேடுறீங்க?" என்றாள் செலஸ்டின்.

சொன்னார். "எனக்குன்னு போட்டத எனக்கே பாடிக் காட்டாம பூட்டி வெச்சா, தண்ணி ஊத்தாம என்ன செய்வாங்க?" என்று சொல்லிவிட்டு, அழுதுகொண்டே சிரித்தாள்.

தொலைந்தது தொலைந்ததுதான். அம்புரோஸ் ஹெட்போனைப் பிரான்க்ளினுக்குக் கொடுத்துவிட்டு, ஹாலில் ஜன்னலைத் திறந்து வைத்து, அவளுக்கென்று வேறொரு பாட்டைக் கிட்டாரோடு சத்தமாகப் பாடிப் பாடிப் போடத் தொடங்கினார். பாதி மெட்டு, தப்பு சுருதி, தாமான் குடியிருப்பு முழுக்கக் கேட்டது. மறுநாள் அந்தத் தெருவில் இருந்த அத்தனை ஏர்கானும் அதைப் பாடின, நேற்று கேட்டபடியே, நடுவில் சமையலறையிலிருந்து செலஸ்டின் போட்ட "தேத்தண்ணி ஆறுது!" என்ற சத்தம் உட்பட.

இப்போது அந்தப் பாட்டு வீட்டு டிஸ்க்கில் ஒன்று, பிரான்க்ளின் கடையில் ஒன்று, தெரு முழுக்க மீதி என்று இருக்கிறது. டிஸ்க்குக்குத் தீர்த்தம் உண்டு, அதை வைத்த பெட்டிக்கு வெளியே மட்டும். டிசம்பரில் குழு கடைசியாக அம்புரோஸ் வீட்டுக்குத்தான் வரும். பாட்டில் அந்த இடம் வந்ததும் எல்லாரும் சேர்ந்து, தாளம் தப்பாமல், "தேத்தண்ணி ஆறுது!" என்று கத்துவார்கள். செலஸ்டின் தேநீர்க் கப்பை நீட்டுவாள், பாட்டு தொடரும்.