தாளில் இல்லாத பதில்

2019 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, ஜோர்டானின் இர்பித் நகர மருத்துவமனை ஒன்றில் நாற்பத்தொரு செவிலியர்களுக்கு முப்பது கேள்விகள் கொண்ட தாள் தரப்பட்டது. சக ஊழியரோடு பிணக்கு வந்தால் ஒருவர் என்ன செய்வார் என்பதை அளக்கும் தாள்.

குழந்தைகள் வார்டின் தலைமைப் பதவிக்காக இந்திஸார் பதினான்கு வருடம் காத்திருந்தாள். "பிரச்சினைன்னா ஒதுங்கிப் போறவங்ககிட்ட வார்டைக் குடுக்க மாட்டேன், இந்தத் தாளைப் பாத்துதான் முடிவு" என்று மேலதிகாரி காலையிலேயே சொல்லிவிட்டார். அதே பதவியைக் கேட்டிருந்த ஹைஃபா எதிர் மேசையில் இருந்தாள். இருபது நாளைக்கு முன், ஒரு ஊசி மருந்து விஷயத்தில், தாய்மார்கள் எதிரே அவளைப் பொய்க்காரி என்று கத்தியவள் இந்திஸார்தான். தப்பு தன்னுடையது என்பது அன்று மாலையே இந்திஸாருக்குத் தெரிந்துவிட்டது. அதன்பின் பேச்சில்லை. இன்று காலை தன் பெரியம்மாவைச் சமாதானம் பேச ஹைஃபாவின் வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். மன்னித்தேன் என்ற வார்த்தை வரும்வரை, போனவர் தனக்கு வைத்த காபியைத் தொடமாட்டார்; அது அந்த ஊர் வழக்கம். தகவல் இன்னும் வரவில்லை.

ஏழாவது கேள்வி. நேரில் பேசித் தீர்ப்பேன், அல்லது, விலகியிருப்பேன். இரண்டில் ஒன்று.

"பெரியவங்கள அனுப்புவேன்னு எங்க போடுறது?" என்று கேட்டாள் இந்திஸார்.

ஆய்வு நடத்த வந்த லூமா சங்கடமாகச் சிரித்தாள். "அப்படி ஒண்ணு இல்லக்கா. பக்கமா இருக்கறதப் போடுங்க. வேற எதாச்சும் எழுதினா தாள் செல்லாது."

ஹைஃபா தலை நிமிராமல் லூமாவிடம் சொன்னாள்: "ஏம்மா, ஒரு கிழவி வந்து நாப்பது நிமிஷம் காபிய ஆறவெச்சுட்டு உக்காந்திருந்தா, அது எந்தக் கட்டத்துல வரும்?"

இந்திஸாரின் பேனா நின்றது. "குடிச்சாங்களா?"

"குடிச்சாங்க. ரெண்டு கப்பு. சக்கரை பத்தலைன்னு திட்டு வேற." ஹைஃபா இப்போது நிமிர்ந்தாள். "என்னையப் பொய்க்காரின்னியே. நீ எதப் போடுறேன்னு பாக்கறேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இந்திஸாருக்கும் சிரிப்பு வந்தது. நேரில் பேசித் தீர்ப்பேன் என்ற முதல் கட்டத்தில் ஒரு கோடு போட்டால் போதும், பொய்யென்று கேட்பாரில்லை. ஆனால் ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதினாள்: பெரியம்மாவை அனுப்பினேன்.

நாற்பது தாள்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஒன்று செல்லாது. ஏப்ரல் முதல் தேதி ஹைஃபா தலைமைச் செவிலியராகப் பொறுப்பேற்றாள்.