அசையாத கால்கள் பற்றிய தீர்மானம்

எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஆறு மீட்டர் நீளத்தில் ஓர் இரும்பு உருளை படுத்திருக்கிறது. நாங்கள் அதை டேங்க் என்போம். கடல் அட்டை பிடிக்க ஆழத்தில் முழுகியவன் அவசரப்பட்டு மேலே வந்தால், ரத்தத்தில் காற்று குமிழ் குமிழாக நின்றுவிடும். கால் செத்துப்போகும். அவனை டேங்க்கில் போட்டு, பதினெட்டு மீட்டர் ஆழத்தில் எவ்வளவு அழுத்தம் இருக்குமோ அவ்வளவு காற்றை ஏற்றி, பிறகு மணிக்கணக்கில் மெல்ல இறக்க வேண்டும். வால்வைத் திருப்புவது என் வேலை. அதற்கு முன்னால் ஊர்க் குடிநீர்க் குழாய்களை ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன்.

டேங்க்குக்கு விதிமுறை எழுத ஒரு வியாழக்கிழமை காலை குழு ஒன்று வந்தது. தலைவர் ராத்து சவெனாதா, எங்கள் பகுதியின் பெரிய குலத்தலைவர்; ராத்து என்பது அவர் பட்டம். நேரடியாக யாரிடமும் பேச மாட்டார். அவர் முணுமுணுப்பதை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எரோனி உரக்கச் சொல்வார். குறிப்பெடுக்கச் செயலாளர் சிரேலி.

"அழுத்தத்துக்குள்ள உக்காராம அழுத்தத்துக்கு விதி எழுதுறது எப்படின்னு ராத்து கேக்கறார்" என்றார் எரோனி.

நியாயமான கேள்விதான். மூவரும் உள்ளே போனார்கள். துணைக்கு நர்ஸ் உலமிலா. ஆனால் புது இடத்துக்குள் யங்கோனா வேர்ப்பொடியைக் கரைத்துக் குடிக்காமல் உட்காருவது எங்கள் வழக்கமில்லை. லாரி டயர் அகலத்துக்கு ஒரு மரச்சட்டியும் உள்ளே போனது. சட்டி காலியாகும்வரை யாரும் பாயை விட்டு எழக் கூடாது.

"ஐம்பது நிமிஷத்துக்கு மேல இருந்தா உங்க ரத்தத்துலயும் காத்து ஏறிடும். அப்புறம் உங்களையும் மெதுவாத்தான் இறக்கணும்" என்று எச்சரித்துவிட்டுத்தான் வால்வைத் திறந்தேன்.

ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. சட்டியில் இன்னும் பாதி இருந்தது. கதவைத் திறக்க வழியில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு லாரி வந்து நின்றது. பின்னால், மீன் வலை மேல் என் மச்சான் வைசலே. முப்பது மீட்டர் ஆழத்தில் வாயில் கடித்திருந்த காற்றுக் குழாய் அடைத்து, ஒரே பாய்ச்சலில் மேலே வந்திருக்கிறான். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

"என்னடா மச்சான், அட்டை பிடிக்கப் போனியா, அட்டையாவே வந்துட்டியா?" என்றேன். எங்கள் ஊரில் மச்சானைக் கிண்டல் செய்யாமல் இருப்பது பாவம்.

"காலைக் காணோம்டா. எங்க வச்சேன்னு பாரு" என்றான்.

டேங்க்கின் முன்பக்கத்தில் ஒருவர் மட்டும் படுக்கும் சின்ன அறை உண்டு. அதில் அவனைத் தள்ளி, உள்ளே இருக்கும் அழுத்தத்துக்குக் கொண்டுவந்தேன். உலமிலா உள்கதவைத் திறந்து இழுத்துக்கொண்டாள். இனி எல்லாரும் அவனுடைய சிகிச்சைக் கணக்குப்படிதான் வெளியே வர முடியும்.

அடுத்த சிக்கல் உடனே வந்தது. ஆக்சிஜன் குழாய் கதவுப் பக்கம் இருந்தது. அதனால் வைசலேயின் தலை கதவுப் பக்கம், கால்கள் மறுகோடியில் இருந்த ராத்துவை நோக்கி. தலைவரை நோக்கிக் காலை நீட்டினால் அந்தக் குடும்பத்தை மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள். ராத்துவைக் கதவுப் பக்கம் மாற்றலாம் என்றால், எந்த வீட்டிலும் கதவுப் பக்கம்தான் கடைசி இடம். அங்கே அவரை உட்காரச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

குழு அங்கேயே கூடியது. அழுத்தக் காற்றில் எல்லார் குரலும் மூக்கால் பேசுவது போல் ஒலிபெருக்கியில் வந்தது. பத்து நிமிடத்தில் சிரேலி தீர்மானத்தைப் படித்தார்.

"அசையாத கால், கால் என்ற கணக்கில் வராது. ஆகவே அதை நீட்டுவது அவமரியாதை ஆகாது. அசையத் தொடங்கும் நொடியிலிருந்து அது காலாகக் கருதப்படும்."

மூவரும் கையைக் குவித்து மூன்று முறை தட்டினார்கள். நிறைவேறியது.

ஒன்றேகால் மணி நேரம் கழித்து உலமிலா ஊசியால் குத்திப் பார்த்தாள்.

"தெரியுதா?"

"இல்ல."

"விரலை ஆட்டு பார்ப்போம்."

"ஆடல சிஸ்டர்."

நான் தலைநகர் சுவாவில் இருக்கும் டாக்டருக்குப் போன் செய்தேன். முன்னேற்றம் இல்லையென்றால் அதே ஆழத்தில் இன்னும் இருபத்தைந்து நிமிடம் நீட்டு என்றார். சொன்னேன். உள்ளே ஒரு முனகல் கேட்டது. அவ்வளவு யங்கோனா குடித்த வயிறுகள். ஒதுங்க இருந்தது ஒரே வாளி. ராத்து வாளியை நாடியபோது, மற்ற எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தேவாலயப் பாட்டை உரக்கப் பாடினார்கள். நாலு சரணம் பாட வேண்டியிருந்தது.

நீட்டிய நேரமும் முடியப் போகிறது. மறுபடி "தெரியுதா", மறுபடி "இல்ல". நான் டேங்க்கின் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தங்கைக்கு என்ன சொல்வேன்? அப்போது போர்வைக்கு அடியில், இடது கால் கட்டைவிரல் லேசாக எழுந்து படுத்தது.

மைக்கைப் பிடித்தேன். "டேய்! விரல் ஆடுது!"

"ஆடல."

"நான் பார்த்தேன்டா!"

"குழாய் ரிப்பேர்காரன் கண்ணு. ஒழுகாததும் ஒழுகுற மாதிரி தெரியும்."

உலமிலா போர்வையை விலக்கினாள். ஐந்து விரல்களையும் வைசலே உள்ளுக்குள் மடக்கி வைத்திருந்தான். மடக்க முடிகிறதே!

"பாவி! எத்தனை நேரமா?"

"அரை மணி நேரமா" என்று அழுதான். "எழுதிட்டாங்களே சிஸ்டர். ஆடினா கால்னு எழுதிட்டாங்களே. ராத்து முகத்துக்கு நேரா காலை நீட்டினவன்னு என் பிள்ளைங்களைச் சொல்வாங்களே."

ராத்து ஏதோ முணுமுணுத்தார். எரோனி வாயைத் திறந்தார், மூடினார். "இதை என்னால சொல்ல முடியாது ராத்து" என்றார்.

அப்போது ராத்து தானே பேசினார். அவர் குரலை நான் முழுதாகக் கேட்டது அன்றுதான்.

"என்னை உதை."

பாயில் நகர்ந்து முன்னால் வந்து, தன் முழங்காலை வைசலேயின் பாதத்தில் ஒட்டி வைத்தார்.

"மாட்டேன் ராத்து."

"உத்தரவு. உதை."

இடது கால் மெல்ல அழுத்தியது.

"இவ்வளவுதானா? கோழி இதைவிட நல்லா உதைக்கும்."

இரண்டாவது உதையில் அவர் முழங்கால் பின்னுக்குப் போனது. எரோனி கண்ணை மூடிக்கொண்டார். சிரேலி பேனாவோடு, "இதை எப்படி எழுதறது?" என்றார்.

"எழுதாதே. வலது காலைக் கொண்டா."

வலது கால் அசையவில்லை. உலமிலா குத்தினாள். அவன் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது, இந்த முறை பொய்யில்லை. போனில் டாக்டர், "இன்னும் ஒரு தடவை நீட்டலாம். இல்லன்னா இறக்க ஆரம்பிக்கலாம். உள்ளே இருக்கிறவங்க தாங்குவாங்களா?" என்று கேட்டார். அதை மைக்கில் சொன்னேன்.

ராத்து வாளியைப் பார்த்தார். அது நிரம்பியிருந்தது. முழங்காலை வலது பாதத்துக்கு மாற்றி வைத்தார்.

"நீட்டு" என்றார்.

நீட்டினேன். உள்ளே நாலு பேர் ஒரு பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே நானும்.

இருபத்திரண்டாவது நிமிடம் ராத்து "ஆ!" என்று கத்தினார்.

"வலிச்சுதா ராத்து?" என்று பதறினாள் உலமிலா.

"வலிச்சுது" என்றார் அவர், பல்லெல்லாம் தெரிய. "இன்னொண்ணு போடச் சொல்லு."